பாக்குலோவைரஸ்: ஒரு புழு வைரஸுக்குக் கோல்னு பேர் வந்த கதை

பாக்குலோவைரஸ்ங்கிற வார்த்தையை முதல் தடவை பாத்தப்ப நான் அதை பாக்டீரியாவைத் தாக்குற வைரஸ்னு நெனச்சுட்டேன். முன்னாடி 'பாக்' இருக்கு, பின்னாடி 'வைரஸ்' இருக்கு, வேற என்னவா இருக்கப் போகுதுன்னு ஒரு கணக்கு. இதே கணக்கைப் போட்டவங்க நிறைய பேரை அதுக்கப்புறம் பாத்திருக்கேன், அதனாலதான் இதை எழுதணும்னே தோணுச்சு. பாக்டீரியாவைத் தாக்குற வைரஸுக்கு பாக்டீரியோஃபேஜ்னு தனிப்பேர் இருக்கு. பாக்குலோவைரஸ் தாக்குறது பூச்சிகளை, அதுலயும் முக்கியமா அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இதுங்களோட புழுப்பருவத்தை. இலையைத் தின்னுக்கிட்டு நல்லா இருந்த புழு சில நாள்ல மந்தமாகி, உடம்பு தொளதொளன்னு ஆகி, கிளையில தலைகீழா தொங்கி, தோல் கிழிஞ்சு கூழா ஒழுகிடும். அந்த வேலையைப் பாக்குறது இந்த வைரஸ்தான்.

இந்த வைரஸோட பேரை எடுத்துப் பிரிச்சுப் பாத்தா ஒரு விஷயம் ரொம்ப அழகா தெரியும். இதே நோய்க்கு, இதே கிருமிக்கு, காலத்துக்குக் காலம் பேர் மாறிக்கிட்டே வந்திருக்கு, ஒவ்வொரு பேரும் அந்தக் காலத்துல மனுஷனோட கண்ணுக்கு எது வரைக்கும் எட்டுச்சோ அதை அப்படியே பிடிச்சு வச்சிருக்கு. வெறுங்கண்ணால பாத்தவங்க ஒரு பேர் வச்சாங்க, சாதா மைக்ராஸ்கோப்புல பாத்தவங்க வேற பேர் வச்சாங்க, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்ததும் இன்னொரு பேர், ஜீனைப் படிக்க ஆரம்பிச்சதும் அதுக்கு மேல இன்னொன்னு. பாக்குலோங்கிறது அந்த மூணாவது கட்டத்துப் பேர்.

முதல்ல பாக்குலோவையே பாத்துருவோம்.

லத்தீன் மொழியில பாக்குலும்னா கோல், கம்பு, ஊன்றுகோல். நடக்கும்போது ஊன்றிக்கிற தடியும் பாக்குலும்தான், பிற்காலத்துல கிறிஸ்தவ ஆயர்கள் கையில பிடிக்கிற அதிகாரக் கோலும் பாக்குலும்தான். நம்ம 'கோல்' மாதிரியே அதுக்கும் ரெண்டு பக்கம், ஊன்றுகோலும் கோல்தான் செங்கோலும் கோல்தான். இந்த வைரஸை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பாத்தா நீளமா, நேரா, ரெண்டு முனையும் மொட்டையா ஒரு குச்சி மாதிரி இருக்கும். அதனால கோல் வைரஸ், பாக்குலோவைரஸ். பேருக்கான காரணம் இவ்வளவுதான், வேற மர்மம் எதுவும் இல்ல. ஆனா இந்த பாக்குலும் குடும்பம் பெரிய குடும்பம், அதோட சொந்தக்காரங்களைப் பாத்தாதான் என் பழைய குழப்பம் எங்கேருந்து வந்துச்சுன்னு புரியும்.

பாக்குலும் பக்கத்துலயே பாக்குலுஸ்னு ஒரு வடிவம் உண்டு, அதோட குட்டி வடிவம் பாசில்லஸ், அதாவது சின்னக் குச்சி. 1872-ல ஃபெர்டினாண்ட் கோன் குச்சி வடிவ பாக்டீரியா ஒரு வகைக்கு பாசில்லஸ்னு பேர் வச்சார். அதுக்கும் முன்னாடி, 1828-ல ஏரன்பர்க் பாக்டீரியம்னு பேர் வச்சது கிரேக்கத்துலேருந்து, அங்க பாக்டேரியானா கைத்தடி, பாக்டேரியோன்னா சின்னக் கைத்தடி. அவர் பாத்த உயிர்கள் குச்சியா இருந்துச்சு, அதனால அந்தப் பேர். அப்போ பாக்டீரியா, பாசில்லஸ், பாக்குலோவைரஸ் மூணும் அர்த்தத்துல ஒன்னுதான், மூணுமே குச்சி! வார்த்தை அளவுல அண்ணன் தம்பி, உயிரியல் அளவுல ஒன்னுக்கொன்னு ஒட்டும் இல்ல உறவும் இல்ல. 'பாக்'னு ஆரம்பிச்சா பாக்டீரியா சம்பந்தம்னு நெனைக்கிறவங்க வார்த்தை விஷயத்துல பாதி சரியாத்தான் நெனைக்கிறாங்க, இதைக் கண்டுபிடிச்சப்ப எனக்கு ஒரு நிம்மதியே வந்துச்சு.

இந்தக் குழப்பம் வயல்லயும் வரும். புழுவைக் கொல்றதுக்குத் தெளிக்கிற பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கு, சுருக்கமா பி.டி. ஜெர்மனியில துரிஞ்சியாங்கிற பகுதியோட பேர் அதுல இருக்கு. பாக்குலோவைரஸும் அதே மாதிரி புழுவுக்குத் தெளிக்கிறதுதான். ரெண்டும் குச்சி, ரெண்டும் புழுவுக்கு எமன், ரெண்டும் வாய் வழியா வயித்துக்குள்ள போனாத்தான் வேலை செய்யும், அதனால ஒன்னை இன்னொன்னா நெனச்சுக்கிறது ரொம்ப சகஜம். ஆனா ஒன்னு பாக்டீரியா, அதோட புரதம் புழுவோட குடலை ஓட்டை போடும், இன்னொன்னு வைரஸ், அது செல்லுக்குள்ள பூந்து பெருகும்.

குடும்பத்துல இன்னும் ஆள் இருக்கு. பிரெஞ்சுக்காரங்களோட நீளமான ரொட்டி பாகெட், அதுவும் பாக்குலும்லேருந்து இத்தாலிய மொழி வழியா வந்த வார்த்தை, குச்சின்னுதான் அர்த்தம். நாய், கரடி மாதிரி பாலூட்டிகள்ல ஆண் உறுப்புக்குள்ள இருக்கிற எலும்புக்கும் உடற்கூறியல்ல பாக்குலும்னுதான் பேர். இங்கிலீஷ்ல இம்பெசைல்னு ஒரு வார்த்தை, இப்ப அது வசவு, லத்தீன்ல 'பலவீனமானவன்'னு அர்த்தம். ஊன்றிக்கக் கோல் இல்லாதவன்னு அதைப் பிரிச்சு விளக்கம் சொல்ற வழக்கம் பழங்காலத்துலேருந்தே இருக்கு, இன்னைக்கு மொழி ஆராய்ச்சி பண்றவங்க அந்த விளக்கத்தை அவ்வளவா நம்புறதில்ல. உண்மையோ இல்லையோ, கோல் இல்லாதவன் பலவீனன்ங்கிற அந்த எண்ணம் எனக்குப் பிடிச்சிருக்கு.

இப்போ பின்னாடி போவோம், பாக்குலோங்கிற பேர் வர்றதுக்கு முன்னாடி என்ன பேர் இருந்துச்சுன்னு.

பட்டுப்புழு வளக்குறவங்களுக்கு இந்த நோய் ரொம்பப் பழைய எதிரி. வைரஸ்னு ஒன்னு இருக்குன்னு யாருக்கும் தெரியாத காலத்துலயே அவங்க கண்ணுக்கு நோய் தெரிஞ்சிருக்கு. புழுவோட உடம்பு உப்பி, தோல் பளபளன்னு எண்ணெய் தடவுன மாதிரி ஆகும், கணுக்கணுவா வீங்கும், தொட்டாலே தோல் கிழிஞ்சு பால் மாதிரி கலங்கலா ஒரு திரவம் வரும். பிரெஞ்சுல இதுக்கு கிராஸ்ரி, கிரான்னா கொழுப்பு, கொழுத்தது. அதாவது கொழுத்துப்போற நோய். மஞ்சள் பட்டு நூற்குற ரகங்கள்ல புழு மஞ்சளாத் தெரியும், அதனால மஞ்சள் காமாலைன்னும் பேர். பேர் வச்சவங்களுக்கு காரணம் தெரியாது, ஆனா பாத்தது துல்லியம். உப்பலும் பளபளப்பும் மஞ்சளும் அப்படியே பேருக்குள்ள இருக்கு.

காட்டுல இதே மாதிரி நோயைப் பாத்த ஜெர்மன்காரங்க வச்ச பேர் எனக்கு இதுலயே ரொம்பப் பிடிச்சது. விப்ஃபெல்கிராங்க்ஹைட். விப்ஃபெல்னா மர உச்சி, கிராங்க்ஹைட்னா நோய், சேத்தா உச்சிக்கிளை நோய். ஊசியிலை மரங்களை மொட்டையடிக்கிற ஒரு அந்துப்பூச்சியோட புழுக்கள் நோய் வந்ததும் மரத்து மேல மேல ஏறிப்போய் உச்சியில கூட்டமா தொங்கிச் சாகும். அதைப் பாத்து வச்ச பேர். மேல போய் செத்தா என்ன லாபம்? புழுவுக்கு ஒன்னும் இல்ல, வைரஸுக்குத்தான் எல்லா லாபமும், உச்சியில உடம்பு உருகி ஒழுகுனா கீழ இருக்கிற இலை பூரா வைரஸ் சொட்டும், அந்த இலையைத் தின்னுற அடுத்த புழுவுக்கு நோய் தொத்தும், மழை பெஞ்சா இன்னும் வசதி.

இந்த ஏறுற பழக்கத்துக்குப் பின்னாடி ஒரு ஜீன் இருக்குன்னு 2011-ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஸ்பாஞ்சி மாத்னு இப்ப சொல்ற அந்துப்பூச்சியோட வைரஸ்ல பண்ணது. அந்த ஜீனுக்கு ஈ.ஜி.டி.ன்னு பேர். புழு தோல் உரிக்கணும்னா எக்டைசோன்னு ஒரு ஹார்மோன் வேணும், இந்த ஜீன்லேருந்து வர்ற என்சைம் அந்த ஹார்மோன் மேல ஒரு சர்க்கரையை ஒட்டி வச்சு அதை முடக்கிடும், அதனால புழு தோல் உரிக்காம தின்னுக்கிட்டே இருக்கும், மேலயும் ஏறும். ஈ.ஜி.டி.யை எடுத்துட்ட வைரஸை ஏத்துன புழுக்கள் அப்படி மேல ஏறிச் சாகல. மரத்தடியில நின்னு அண்ணாந்து பாத்து ஒருத்தர் வச்ச பேருக்கு, ரொம்ப காலம் கழிச்சு இப்படி மூலக்கூறு அளவுல ஒரு விளக்கம் கிடைக்குதுன்னா அந்தப் பேரை வச்சவரோட கண்ணுக்கு எவ்வளவு மரியாதை குடுக்கணும்!

அடுத்த கட்டம் சாதா மைக்ராஸ்கோப். 1850-கள்ல இத்தாலியில மாயெஸ்த்ரி, கொர்னாலியான்னு ரெண்டு பேர், நோய் வந்த பட்டுப்புழுவோட திரவத்தை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தாங்க, பளிச்சு பளிச்சுன்னு ஒளியைச் சிதறடிக்கிற குட்டிக் குட்டிப் படிகங்கள் கூட்டமா தெரிஞ்சுச்சு. ஒவ்வொன்னும் பல பக்கம் வெட்டின மணி மாதிரி. இதுதான் பாலிஹெட்ரா, ஒருமையில பாலிஹெட்ரான். கிரேக்கத்துல பாலினா பல, ஹெட்ரான்னா உக்காருற இடம், அங்கேருந்து ஒரு பொருள் எந்தப் பக்கத்துல உக்காருமோ அந்தப் பக்கம், முகம்னு அர்த்தம் வந்துச்சு. பகடையை உருட்டினா ஏதாவது ஒரு முகத்துல போய் உக்காருதுல்ல, அந்த 'உக்காரு'தான் ஹெட்ரா. இந்த ஹெட்ரா பிறந்த அதே வேர்லேருந்துதான் சமஸ்கிருதத்துல 'சத்'ங்கிற வினையும் வந்திருக்கு, உக்காருன்னு அர்த்தம், குருவுக்குப் பக்கத்துல உக்காருறதுங்கிற உபநிஷத்துக்குள்ள இருக்கிறது அதுதான். பட்டுப்புழு நோய்ப் படிகத்தோட பேரும் உபநிஷத்தும் ஒரு வேர்லேருந்து முளைச்சதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு நான் ரொம்ப நேரம் அதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

இந்தப் படிகங்களை வச்சு நோய்க்கு பாலிஹெட்ரோசிஸ்னு பேர் வந்துச்சு, படிக நோய்னு வச்சுக்கலாம். பிறகு அந்தப் படிகம் செல்லுக்குள்ள எங்க உருவாகுதுன்னு பாத்தாங்க, உட்கருவுக்குள்ள. உட்கருவுக்கு லத்தீன்ல நியூக்ளியஸ், அது கொட்டைங்கிற வார்த்தையிலேருந்து வந்தது, கொட்டைக்குள்ள இருக்கிற பருப்பு. இப்ப எல்லாத்தையும் கோத்தா நியூக்ளியோ பாலிஹெட்ரோ வைரஸ். சுருக்கமா என்.பி.வி., பூச்சி மருந்து டப்பா மேல பாக்குறது இந்தச் சுருக்கம்தான். இவ்வளவு நீள வார்த்தையைப் பாத்து பயப்படவே தேவையில்ல, 'உட்கருவுக்குள்ள பல முகப் படிகம் செய்யிற வைரஸ்', ஒரு வரி வர்ணனையை ஒரே வார்த்தையா ஒட்டிட்டாங்க, அவ்வளவுதான்.

சில புழுக்கள்ல பெரிய படிகத்துக்குப் பதிலா ரொம்பப் பொடிப்பொடியா குருணை மாதிரி தெரிஞ்சுச்சு. அதுக்கு கிரானுலோவைரஸ், கிரானுலும்னா லத்தீன்ல சின்ன தானியம், குருணைன்னே சொல்லலாம். என்.பி.வி.யோட படிகம் ஒன்னுக்குள்ள நிறைய வைரஸ் இருக்கும், குருணைக்குள்ள வழக்கமா ஒன்னே ஒன்னுதான், உறைக்குள்ள ஒத்தைக் கத்தி மாதிரி.

ஆனா படிகத்தை மட்டும் நம்பிப் பேர் வச்சதுல ஒரு சிக்கல் வந்துச்சு. சில புழுக்கள்ல அதே மாதிரி பல முகப் படிகம் உட்கருவுக்கு வெளிய, சைட்டோபிளாசத்துல உருவாச்சு. அதுக்கு சைட்டோபிளாஸ்மிக் பாலிஹெட்ரோசிஸ்னு பேர் வச்சு, பின்னாடி அதையே சுருக்கி சைப்போவைரஸ்னு ஆக்குனாங்க. சாதா மைக்ராஸ்கோப்புல படிகத்தை மட்டும் பாத்தா ரெண்டும் ஒரே சாதின்னு தோணும். உள்ள உடைச்சுப் பாத்தா வேற வேற உலகம், சைப்போவைரஸ் உருண்டையான கூடு, உள்ள துண்டு துண்டா ஆர்.என்.ஏ., என்.பி.வி. குச்சி, உள்ள ஒரே வளையமா டி.என்.ஏ. படிகம்ங்கிறது வெளிப்பெட்டி. பெட்டி ஒரே மாதிரி இருக்குங்கிறதுக்காக உள்ள இருக்கிற சரக்கும் ஒன்னுன்னு சொல்ல முடியாதுல்ல. உள்ள இருக்கிற கோலைப் பாத்துப் பேர் வைக்க வேண்டிய அவசியம் வந்தது இப்படித்தான்.

அந்தக் கோலை முதல்ல தெளிவாக் காட்டுனவர் கெர்னாட் பெர்கோல்ட், 1947-ல. அவர் பண்ணதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கணும். படிகம் சும்மா தண்ணியில கரையாது, மண்ணுல விழுந்தா வருஷக்கணக்குல அப்படியே கிடக்கும், ஆனா காரத்துல கரையும். அவர் பலவீனமான காரக் கரைசல்ல படிகத்தைப் போட்டாரு, வெளிப்புரதம் கரைஞ்சு போக, உள்ளேருந்து குச்சி குச்சியா வெளிய வந்ததை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பாத்தாரு. இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா, புழுவோட வயித்துக்குள்ளயும் நடக்கிறது இதேதான். நம்ம வயிறு அமிலம், ஆனா இந்தப் புழுக்களோட நடுக்குடல் கடுங்காரம், பி.எச். 10-ஐத் தாண்டும். இலையோட சேந்து உள்ள போன படிகம் அந்தக் காரத்துல கரையும், குச்சிகள் வெளிய வரும், குடல் செல்லுக்குள்ள ஏறும். புழுவோட குடல் செய்யிற வேலையை அவர் கண்ணாடிக் குழாய்ல செஞ்சு காட்டிட்டாரு.

குச்சின்னா எவ்வளவு பெருசுன்னு ஒரு அளவு வேணும்ல. படிகம் ஒன்னு சுமாரா ஒன்னு ரெண்டு மைக்ரோமீட்டர், சாதா மைக்ராஸ்கோப்புலயே தெரியும். உள்ள இருக்கிற கோல் நீளத்துல 250-லிருந்து 300 நானோமீட்டர், அகலத்துல 30-லிருந்து 60 நானோமீட்டர். சாதா மைக்ராஸ்கோப் ஏறக்குறைய 200 நானோமீட்டருக்குக் கீழ உள்ளதைப் பிரிச்சுக் காட்டாது, அதனால இந்தக் கோலோட அகலம் அதுக்கு எட்டவே எட்டாது. பெட்டி தெரிஞ்சுச்சு, உள்ள இருக்கிறது தெரியல, கிட்டத்தட்ட நூறு வருஷம் அப்படியே போச்சு. கோலோட நீளம் உள்ள இருக்கிற டி.என்.ஏ.வைப் பொறுத்தது, டி.என்.ஏ. நீளமா இருந்தா கோலும் நீளும், ஏன்னா கோல்ங்கிறதே டி.என்.ஏ.வைச் சுத்திப் போட்ட புரத உறைதான்.

இங்க எம், எஸ்னு ரெண்டு எழுத்து வரும், படிக்க ஆரம்பிக்கிறவங்க தடுமாறுற இடம் இது. சில வைரஸ்ல ஒவ்வொரு கோலுக்கும் தனித்தனி சவ்வு, அது சிங்கிள், எஸ்.என்.பி.வி. சிலதுல பல கோலை விறகுக்கட்டு மாதிரி சேத்து ஒரே சவ்வுக்குள்ள போட்டிருக்கும், அது மல்டிப்பிள், எம்.என்.பி.வி. இதுவும் கண்ணால பாத்து வச்ச பேர்தான்.

நடுவுல கொஞ்ச காலம் ஆட்களோட பேரை வச்சும் பாத்தாங்க, போரெல்ங்கிற விஞ்ஞானி நெனைவா போரெலினாவைரஸ், பெர்கோல்ட் நெனைவா பெர்கோல்டியாவைரஸ்னு. அது நிலைக்கல. 1970-கள்ல உலக அளவுல வைரஸ்களை வகைப்படுத்துற குழு பாக்குலோவைரஸ்ங்கிற பேரை ஏத்துக்கிச்சு, அதுவே நின்னுருச்சு. எனக்கு இதுல வருத்தம் இல்ல, ஒருத்தரோட பேரைக் கேட்டா வைரஸ் எப்படி இருக்கும்னு தெரியாது, கோல்னு கேட்டா உடனே கண்ணுல வந்துரும்.

நடுவுல இருக்கிற அந்த 'ஓ' எங்கேருந்து வந்துச்சுன்னு சிலருக்குத் தோணலாம். ரெண்டு வார்த்தையை ஒட்ட லத்தீன் வழக்கமா 'இ' போடும், கிரேக்கம் 'ஓ' போடும். கோல் வடிவம்ங்கிறதுக்கு பாக்குலிஃபார்ம்னுதான் சொல்லுவாங்க, அது லத்தீன் முறை. பாக்குலோவைரஸ்ல லத்தீன் வார்த்தை ரெண்டை கிரேக்கப் பசை வச்சு ஒட்டியிருக்காங்க. சுத்தமா இலக்கணம் பாக்குறவங்களுக்கு உறுத்தும், ஆனா அறிவியல் பேர்கள்ல இந்த 'ஓ' எல்லாத்துக்கும் பொதுப் பசை ஆயிருச்சு, அடினோ மாதிரி முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், கொரோனா மாதிரி சிலது மட்டும் விதிவிலக்கு. குடும்பப் பேரா சொல்லும்போது பாக்குலோவிரிடேன்னு வரும், அந்தக் கடைசி 'இடே' கிரேக்கத்துல 'இன்னார் வம்சம்'னு சொல்ற விகுதி.

கோலுக்கு கிரேக்கத்துல இன்னொரு வார்த்தை ராப்டோஸ். வெறிநாய்க்கடி வைரஸ் இருக்கிற குடும்பம் ராப்டோவிரிடே, அதுவும் கோல் குடும்பம்னுதான் அர்த்தம். ரேபிஸ்ங்கிற நோய்ப் பேர் வேற, அது லத்தீன்ல வெறி, ஆவேசம். ராப்டோவும் ரேபிஸும் காதுக்குப் பக்கத்துல கேக்குது, ஆனா உறவு கிடையாது. இங்கயும் பாக்குலோ, ராப்டோ ரெண்டும் கோல்தான், வைரஸ் மட்டும் வேற வேற, ஒன்னு டி.என்.ஏ., இன்னொன்னு ஆர்.என்.ஏ.

வடிவத்தை வச்சுப் பேர் வைக்கிறதுல உள்ள ஆபத்தையும் சொல்லிடணும். தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டைத் தாக்குற ஒரு வைரஸை 1960-கள்ல மலேசியாவுல அலாய்ஸ் ஹூகர் கண்டுபிடிச்சாரு. அவர் வச்ச பேர் ராப்டியோன்வைரஸ், சின்னக் கோல் வைரஸ். பசிபிக் தீவுகள்ல தென்னை பூரா அந்த வண்டால அழிஞ்சுக்கிட்டு இருந்தப்ப 1967-ல சமோவாவுல இதைக் கொண்டுபோய் விட்டாங்க, வண்டு நல்லாக் குறைஞ்சுச்சு. கோல் மாதிரி இருந்ததால ரொம்ப நாள் இதையும் பாக்குலோவைரஸ்னே சேத்து வச்சிருந்தாங்க, ஆனா இது படிகப் பெட்டி செய்யாது, ஜீன்களைப் பாத்ததும் தனின்னு தெரிஞ்சுச்சு. இப்ப இதுக்குப் பேர் நியூடிவைரஸ், லத்தீன்ல நியூடுஸ்னா உடை இல்லாதது, வெறும் உடம்பு. படிகச் சட்டை போடாத வைரஸ். இறால் பண்ணைகளை அழிக்கிற வெள்ளைப்புள்ளி வைரஸையும் ஆரம்பத்துல வெள்ளைப்புள்ளி பாக்குலோவைரஸ்னு எழுதுனாங்க, அதையும் பின்னாடி பிரிச்சு வேற குடும்பத்துல வச்சுட்டாங்க. அதனால பழைய புத்தகத்துல பாக்குலோவைரஸ்னு போட்டிருந்தா அது இன்னைக்கும் பாக்குலோவைரஸ்தானான்னு ஒரு தடவை பாத்துக்கிறது நல்லது.

நாலாவது கட்டம் ஜீன். டி.என்.ஏ.வைப் படிச்சு ஒப்பிட்டப்ப, படிகமா குருணையாங்கிறதை விட எந்தப் பூச்சியில வாழுதுங்கிறதோட வம்சாவளி நல்லாப் பொருந்துச்சு. அதனால குடும்பத்தை நாலாப் பிரிச்சு கிரேக்க எழுத்தை முன்னாடி போட்டாங்க. அந்துப்பூச்சி வகையோட என்.பி.வி. எல்லாம் ஆல்ஃபாபாக்குலோவைரஸ், அதே அந்துப்பூச்சி வகையோட கிரானுலோவைரஸ் பீட்டா, ரம்பப்பூச்சிகளோடது காமா, கொசுவோடது டெல்டா. ஆல்ஃபா பீட்டா எதுவும் கண்ணுக்குத் தெரியிற விஷயம் இல்ல, வெறும் வரிசை எண் மாதிரி. உண்மையைச் சொன்னா இந்தப் பேர்கள்ல எனக்கு அந்த உச்சிக்கிளை நோய் மாதிரி ஒரு உயிர் கிடைக்கல, ஆனா வகைப்படுத்தறதுக்கு இதுதான் சரி.

இதுல உலகத்துலயே அதிகமா ஆராய்ச்சி பண்ணின பாக்குலோவைரஸோட முழுப்பேரை இப்ப நீங்களே பிரிச்சுருவீங்க: ஆட்டோகிராஃபா கலிஃபோர்னிகா மல்டிப்பிள் நியூக்ளியோபாலிஹெட்ரோவைரஸ். முதல் ரெண்டு வார்த்தை அது முதல்ல கிடைச்ச அந்துப்பூச்சியோட பேர். ஆட்டோகிராஃபான்னா 'தன் கையால எழுதுனது', நாம கையெழுத்து வாங்குறோமே அதே ஆட்டோகிராஃப். இந்த வகை அந்துப்பூச்சிகளோட இறக்கையில வெள்ளி நிறத்துல எழுத்து மாதிரி ஒரு கோடு இருக்கும், அதே இனத்துல ஒன்னுக்கு காமா எழுத்து மாதிரி இருக்குன்னு காமான்னே பேர். இப்ப புது முறையில இந்த வைரஸுக்கு ஆல்ஃபாபாக்குலோவைரஸ் ஆகாலிஃபோர்னிகேன்னு ரெண்டு சொல் பேர் குடுத்திருக்காங்க, பூச்சிப் பேரையும் ஊர்ப் பேரையும் பிழிஞ்சு ஒரே சொல்லா ஆக்கினது.

இந்த வைரஸ்தான் ஆய்வுக்கூடத்துல பெரிய ஆள் ஆச்சு. படிகத்தோட புரதத்துக்கு பாலிஹெட்ரின்னு பேர், வைரஸ் இதை மலை மலையா செய்யும். அந்த இடத்துல நமக்கு வேணுங்கிற ஜீனை வச்சா வேணுங்கிற புரதத்தை அதே மாதிரி கொட்டும்ங்கிறது யோசனை. 1983-ல வைரஸை எதிர்க்க மனுஷ உடம்பு செய்யிற இன்டர்ஃபெரான்ங்கிற புரதத்தை இப்படிச் செஞ்சு காட்டுனாங்க, இன்னைக்கு கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி ஒன்னும், ஃப்ளூ தடுப்பூசி ஒன்னும் இந்த வழியில வருது. இங்கயும் பேர் விளையாட்டு உண்டு, பாக்குலோவைரஸையும், பாக்டீரியாவுக்குள்ள இருக்கிற சின்ன டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிடையும் ஒட்டி பாக்மிட்னு ஒரு வார்த்தை பண்ணிட்டாங்க. கோலுங்கிற அர்த்தத்துல அதுல மிஞ்சுனது 'பாக்' மட்டும்தான். பாக்மிட் வளக்குறது ஈ.கோலைங்கிற பாக்டீரியாவுக்குள்ள, அதனால புதுசா வர்ற மாணவர்கள் அந்த 'பாக்'கை பாக்டீரியான்னு எடுத்துக்கிறது ரொம்ப இயல்பு.

பின்பாதியை விட்டுட்டேன், வைரஸ். இது எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தைதானேன்னு தாண்டிப் போயிடறோம், ஆனா நமக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கிறது இந்தப் பாதிதான். லத்தீன் வீருஸும் சமஸ்கிருத விஷமும் ஒரே மூல வேர்லேருந்து பிரிஞ்ச வார்த்தைகள். அந்த விஷம்தான் தமிழ்ல விடம்னு வந்துச்சு. நாம தினமும் பேசுற விஷமும் ஆஸ்பத்திரியில கேக்குற வைரஸும் ரத்த உறவு. வைரஸுக்கு நச்சுயிரின்னு தமிழ்ல சொல் உண்டாக்குனவங்க அந்த மூல அர்த்தத்தை அப்படியே பிடிச்சுட்டாங்க, பாக்குலோவைரஸை அதே வழியில கோல் நச்சுயிரின்னு சொன்னா ஒரு எழுத்து கூட வீணாகாது.

வீருஸுக்கு லத்தீன்ல விஷம் மட்டும் அர்த்தம் இல்ல, பிசுபிசுன்னு ஒழுகுற திரவத்துக்கும் அதே சொல்தான். 1898-ல பெய்ஜெரிங்க் புகையிலை நோயை ஆராய்ஞ்சப்ப கிருமியைத் தனியாப் பாக்க முடியாம, அதை உயிருள்ள தொத்துத் திரவம்னுதான் எழுதினாரு. அது திரவம் இல்ல, அதுவும் குச்சிதான்னு பிறகு தெரிஞ்சுச்சு. ஆனா உச்சிக்கிளையில தொங்குற அந்தப் புழுவைப் பாத்தா பழைய அர்த்தம் தப்பாத் தோணாது, தோலுக்குள்ள எலும்பு மாதிரி தாங்குற எதுவும் மிச்சம் இல்லாம எல்லாம் கரைஞ்சு கலங்கலா சொட்டிக்கிட்டு இருக்கும், பெரிய புழு ஒன்னுலேருந்து மட்டும் நூறு கோடி அளவுக்குப் படிகம் வரும், ஒவ்வொரு படிகத்துக்குள்ளயும் கோல் கட்டுக்கட்டா, கீழ இலை மேல விழுந்து காஞ்சு ஒட்டிக்கிட்டு, அடுத்த புழு வந்து கடிக்கிற வரைக்கும் அங்கயே இருக்கும்.